சூளைக்குப் போனாலும் பெயர் ஊரில் இருக்கட்டும்

பள்ளிப்பட்டு வட்டத்தின் இருளர் குடியிருப்புகளிலும் காலனிகளிலும் பிறந்து, படித்து வரும் தம்பி தங்கைகளுக்கு,

உங்கள் அப்பா அம்மாவுக்கு எழுத வேண்டியதை உங்களுக்கு எழுதுகிறேன். அவர்களில் பலர் ஆண்டில் பாதி நாள் கரும்பு வெட்டிலும் செங்கல் சூளையிலும் இருப்பவர்கள். ஊரில் இருந்தாலும் இதை அவர்களுக்கு வாசித்துக் காட்ட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள்தான். உங்கள் வீட்டில் முதல் ஆளாகப் பத்தாவது தாண்டியவர் நீங்கள். செல்போனில் படிவம் நிரப்பத் தெரிந்தவரும், அலுவலகத்து மேசைக்கு முன்னால் நின்று நாலு வார்த்தை தெளிவாகக் கேட்கத் தெரிந்தவரும் நீங்கள்தான். ஆகவே கேட்க வேண்டியதை உங்களிடமே கேட்கிறேன். உங்கள் குடியிருப்பில் 18 வயது நிறைந்த ஒவ்வொருவரின் பெயரும் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத பெயரைச் சேருங்கள். ஓட்டு நாளன்று அவர்களை ஊருக்கு வரவழையுங்கள்.

ஏன் உங்களை இவ்வளவு நெருக்கிக் கேட்கிறேன் என்று சொல்கிறேன். நடந்து முடிந்த தேர்தல்களின் தேதியைப் பாருங்கள். 2016இல் மே 16. 2019இல் ஏப்ரல் 18. 2021இல் ஏப்ரல் 6. 2024இல் ஏப்ரல் 19. நான்கும் கோடையில் வந்தவை. கல் அறுப்பதும் அந்தக் காலத்தில்தான். பச்சைக் கல் காய்வதற்கு மழை இல்லாத மாதங்கள் வேண்டும். பொங்கல் முடிந்து ஊத்துக்கோட்டை பக்கமும் பெரியபாளையம் பக்கமும் சூளைக்குக் கிளம்பும் குடும்பம், கைக்குழந்தையையும் பாத்திரம் பண்டத்தையும் எடுத்துக்கொண்டு, குடிசைக் கதவைக் கயிற்றால் கட்டிவிட்டுப் போகிறது. மழை தொடங்கும்போதுதான் திரும்புகிறது. நாடு ஓட்டுப் போடும் நாளில் நம் சனம் சேறு மிதித்துக்கொண்டிருக்கிறது. நம்மை விலக்க வேண்டும் என்று எவரும் திட்டமிட்டுத் தேதி குறித்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் தேதி குறித்தபோது நம்மை எவரும் நினைக்கவில்லை என்பதை உறுதியாகச் சொல்வேன்.

இப்போது அதற்கும் மேலே ஒன்று நடந்திருக்கிறது. 2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. பி.எல்.ஓ. எனப்படும் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீடு வீடாகப் படிவம் கொடுத்தார். நிரப்பித் திரும்பக் கொடுத்தவர்களின் பெயர் மட்டுமே வரைவுப் பட்டியலுக்கு வந்தது. டிசம்பர் 19 அன்று அந்த வரைவு வெளியானபோது, 6 கோடியே 41 லட்சம் பேர் இருந்த பட்டியல் 5 கோடியே 43 லட்சமாகச் சுருங்கியிருந்தது. விடுபட்ட ஏறத்தாழ 97 லட்சம் பெயர்களில் இறந்தவர்கள் சுமார் 27 லட்சம். இரண்டு இடத்தில் பதிவானவர்கள் 3 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். மீதி 66 லட்சம் பேருக்கு எழுதப்பட்ட காரணம், குடிபெயர்ந்துவிட்டார், முகவரியில் ஆள் இல்லை என்பதுதான்.

இறந்தவர் பெயரை எடுப்பதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. சென்னையில் ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்கு வீடு மாறியவர் புது முகவரியில் பதிந்துகொள்வார். அவருக்கு வாடகை ஒப்பந்தமும் கேஸ் ரசீதும் இருக்கின்றன. கரும்பு வெட்டுக்கோ சூளைக்கோ போனவர் எங்கே பதிவார்? தகரக் கொட்டகைக்குக் கதவு எண் கிடையாது. அடுத்த ஆண்டு அதே சூளைக்குத்தான் போவார் என்ற உறுதியும் கிடையாது. ஊரில் ஆள் இல்லை என்று பெயர் போகும். சூளையில் முகவரி இல்லை என்று பெயர் ஏறாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதர் நாட்டின் கணக்கிலிருந்தே விழுந்துவிடுகிறார்.

அந்தப் படிவத்தில் இருபது ஆண்டுக்கு முந்தைய பட்டியலில் உங்கள் பெயரோ பெற்றோர் பெயரோ எந்தப் பாகத்தில் இருந்தது என்றும் கேட்டிருந்தார்கள். அந்த ஆண்டுகளில் நம் தாத்தா பாட்டிகளில் எத்தனை பேர் பட்டியலில் இருந்தார்கள்? எத்தனை பேர் அரிசி ஆலைக் களத்திலும் சவுக்குத் தோப்பிலும் முன்பணக் கடனுக்காக அடைந்து கிடந்தார்கள்? இருந்த ஒன்றிரண்டு காகிதங்களையும் ஆறு கொண்டுபோயிருக்கும். கிருஷ்ணாபுரம் அணை திறந்து கொசஸ்தலை பெருகும்போதெல்லாம் கரைப் புறம்போக்கில் இருப்பவர்களின் குடிசைதான் முதலில் நனைகிறது. ரேஷன் கார்டு கரைந்துபோன வீட்டில் அந்தப் பழைய வாக்காளர் பட்டியலின் நகலைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

ஆனாலும் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. இந்தப் பகுதியை நீங்கள் மெதுவாக, இரண்டு தடவை படிக்க வேண்டும். 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 20ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. ஒருவர் எந்த ஊர்க்காரர் என்று எப்படி முடிவு செய்வது என்பதை அதுதான் சொல்கிறது. வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தை விட்டு ஒருவர் தற்காலிகமாக வெளியே போயிருந்தால், அந்தக் காரணத்தாலேயே அவர் அந்த இடத்துக்காரர் இல்லை என்று ஆகிவிடாது. இது 20(1ஏ). சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போய்த் திரும்பும் நம் சனத்துக்கு இதைவிடப் பொருத்தமான வரி வேறொரு சட்டத்தில் இல்லை. அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. ஓர் இடத்தில் சொந்த வீடு இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஒருவரை அந்த இடத்துக்காரர் என்று கொள்ள முடியாது. சட்டம் பார்ப்பது வாழ்க்கையை, பட்டாவை அல்ல. பட்டா இல்லாததால் ஓட்டு இல்லை என்று யாராவது உங்கள் அம்மாவிடம் சொன்னால் அது தவறு. தலைக்கு மேல் கூரையே இல்லாமல் சாலையோரம் படுப்பவருக்கும் பெயர் சேர்க்க வழி இருக்கிறது. அவர் சொன்ன இடத்தில்தான் இரவில் தூங்குகிறாரா என்று பி.எல்.ஓ. நேரில் போய்ப் பார்த்து உறுதி செய்தால் போதும், முகவரிக்கு வேறு ஆவணம் வேண்டாம் என்பது தேர்தல் ஆணையத்தின் சொந்த அறிவுரை.

“ஓட்டுப் போட்டு என்ன கண்டோம் அக்கா?” என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு. சுடுகாட்டுக்குப் பாதை இல்லை. எஸ்.டி. சான்றிதழுக்கு மனு கொடுத்தால் விசாரணை விசாரணை என்று ஒரு படிப்பாண்டே ஓடிவிடுகிறது. அதனால் கல்லூரியில் சேர முடியாமல் போனவர்கள் உங்களிலேயே இருக்கிறார்கள். மின்கம்பம் ஊர்த்தெருவோடு நின்றுவிடுகிறது. ஓட்டுப் போட்டவர்கள் வீட்டிலும் இதே நிலைதானே என்பது நியாயமான கேள்வி. ஒருநாள் விரலில் மை வைத்ததால் மறுநாள் பட்டா வந்துவிடும் என்று நான் உங்களை ஏமாற்ற மாட்டேன். ஆனால் தேர்தல் வேலை எப்படி நடக்கிறது என்று நீங்கள் பார்த்திருப்பீர்கள். கட்சிக்காரர் கையில் பாகம் வாரியான பட்டியல் இருக்கிறது. எந்தத் தெருவில் எத்தனை ஓட்டு என்று அதை வைத்துத்தான் அவர் நடக்கிறார். நாற்பது ஓட்டு உள்ள தெருவில் நின்று பேசுகிறார், குறை கேட்கிறார், எழுதிக்கொள்கிறார். நாலு ஓட்டு உள்ள தெருவின் முனையிலேயே வண்டி திரும்பிவிடுகிறது. ஜெயித்த பிறகு திட்டம் போடும்போதும் அவர் மனத்தில் அதே பட்டியல்தான். ஓட்டுப் போட்டுமே கிடைக்காதபோது, பட்டியலிலேயே இல்லாதவருக்கு என்ன கிடைக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அதிலும் ஊராட்சித் தேர்தலைப் பாருங்கள். நம் திருவள்ளூர் மாவட்டத்தில் கடைசியாக அது நடந்தது 2019 டிசம்பரில். அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்கள் பொறுப்புக்குப் போயின. அந்தத் தேர்தலில் ஒரு கிராமத்து வாக்காளருக்கு நான்கு ஓட்டு. வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர். வார்டு என்பது சில நூறு பேர். அங்கே முப்பது ஓட்டு வித்தியாசத்தில் ஜெயிப்பதும் தோற்பதும் சாதாரணம். நம் ஒரு குடியிருப்பு சேர்ந்து வந்தால் வார்டின் முடிவே மாறும். குடிநீர்க் குழாய் எந்தத் தெரு வரை வர வேண்டும், ஊரக வேலைத் திட்டம் எந்த ஏரியில் நடக்க வேண்டும் என்பது அந்த மட்டத்தில்தான் முடிவாகிறது. சட்டமன்றத்துக்குத் தயாரிக்கும் வாக்காளர் பட்டியலை வைத்துத்தான் இந்தத் தேர்தலின் பட்டியலும் தயாராகிறது. அங்கே விடுபட்டால் இங்கேயும் விடுபட்டதுதான்.

நம் தொகுதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பள்ளிப்பட்டு முன்பு தனியாக ஒரு சட்டமன்றத் தொகுதியாக இருந்தது. 2008இல் எல்லை மறுவரையறை செய்தபோது அது மறைந்து, நாம் திருத்தணித் தொகுதிக்குப் போனோம். திருத்தணி பொதுத்தொகுதி. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கியவை ஏற்காடும் சேந்தமங்கலமும் மட்டும்தான்; இரண்டும் இங்கிருந்து தொலைவில் உள்ள மலைப்பகுதிகள். சமவெளியில் வாழும் இருளருக்கு அப்படி ஓர் இடம் இல்லை. ஆகவே நம் குரல் சட்டமன்றத்துக்குப் போக வேண்டுமானால், நம் ஓட்டை அலட்சியம் செய்ய முடியாது என்ற பயம் பொதுத்தொகுதி வேட்பாளருக்கு வர வேண்டும். எண்ணிக்கைக்குத்தான் அவர் பயப்படுவார். எண்ணிக்கையின் வலிமை இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. சித்தூர் மாவட்டத்தில் இருந்த நாம் 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். அதற்குப் பின்னால் ம.பொ.சி. நடத்திய போராட்டம் இருந்தது. படாஸ்கர் தீர்ப்பும் இருந்தது. அந்தத் தீர்ப்பு, கிராமம் கிராமமாக எந்த மொழி பேசுபவர் எத்தனை பேர் என்று 1951ஆம் ஆண்டுக் கணக்கை வைத்துத்தான் எல்லை போட்டது.

இந்த ஓட்டு நம் கைக்கு எளிதில் வந்துவிடவில்லை. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னை மாகாணச் சட்டசபைக்குத் தேர்தல் வந்தபோது, வரி கட்டுபவருக்கும் சொத்து உள்ளவருக்கும்தான் ஓட்டு. நம் சார்பில் அங்கே போன எம்.சி. ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் அரசு நியமித்த உறுப்பினர்கள். பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லோருக்கும் பொது என்று 1924இல் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். ஓட்டுக்கும் பிரதிநிதித்துவத்துக்கும் அம்பேத்கர் 1919இலேயே சவுத்பரோ குழுவின் முன் வாதாடினார். வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்பது 1951-52 தேர்தலில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த முதல் தேர்தலிலேயே நாட்டில் சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர் பட்டியலிலிருந்து போனது. கணக்கெடுக்க வந்தவரிடம் அவர்கள் சொந்தப் பெயரைச் சொல்லாமல், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று சொன்னதால். தங்கைகளே, இதை உங்களுக்காகவே சொல்கிறேன். உங்கள் அம்மாவின் பெயர் ஆதாரில் ஒரு மாதிரியும் வாக்காளர் அட்டையில் வேறு மாதிரியும் இருந்தால் அதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள்.

ஓட்டு வந்த பிறகும் பதவியைத் தர ஆதிக்கச் சாதியினருக்கு மனம் ஒப்பவில்லை. மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் பதவி பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்டு, முருகேசன் ஜெயித்தார். 1997 ஜூன் 30 அன்று அவரையும் உடனிருந்த ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் 1996 முதல் பத்து ஆண்டுகள் தேர்தலையே முறையாக நடத்த விடவில்லை. 2006இல்தான் அது முடிவுக்கு வந்தது. இவையெல்லாம் தென்மாவட்டத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, கும்மிடிப்பூண்டி பக்கம் ஆத்துப்பாக்கத்தில், தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அமிர்தம் அம்மாள் 2020 சுதந்திர தினத்தன்று கொடி ஏற்ற விடாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளியே வந்தது. சில நாட்களிலேயே மாவட்ட ஆட்சியர் ஊருக்கு வர, அவர் முன்னிலையில் அமிர்தம் அம்மாளே கொடி ஏற்றினார். மக்கள் ஓட்டுப் போட்டுத் தந்த பதவி கையில் இருந்ததால்தான் அந்தக் கொடிக்கயிற்றை அவரால் உரிமையோடு கேட்க முடிந்தது.

கடல் கடந்து இன்னொரு பெண்ணின் கதையையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபேனி லூ ஹேமர். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பருத்தித் தோட்டத்தில் வேலை செய்த கறுப்பினப் பெண். குடும்பத்தில் 20ஆவது குழந்தை. கறுப்பின மக்களுக்கு ஓட்டு உண்டு என்ற செய்தியே 1962இல்தான், நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான், அவருக்குத் தெரிந்தது. அந்த ஆகஸ்ட் 31 அன்று பேருந்தில் போய்ப் பதிவு அலுவலகத்தில் நின்றார். எழுத்தறிவுத் தேர்வு என்று ஒன்றை வைத்து அவரைத் தோற்கடித்தார்கள். திரும்பி வந்ததும், பதிவு மனுவைத் திரும்பப் பெறு, இல்லாவிட்டால் வெளியே போ என்றார் தோட்ட முதலாளி. 18 ஆண்டு உழைத்த இடத்தை விட்டு அன்று இரவே அவர் வெளியேறினார். அவர் விடவில்லை, மறுபடியும் போய்த் தேர்வு எழுதி அடுத்த ஆண்டு பதிந்துகொண்டார். அதற்குப் பிறகு அதே ஆண்டில் சிறையில் அடித்து உடலை ஊனமாக்கினார்கள். 1964இல் மிசிசிப்பியில் வயது வந்த கறுப்பினத்தவரில் நூற்றுக்கு ஏழு பேர்கூடப் பட்டியலில் இல்லை. 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. 1967க்குள் அந்த எண்ணிக்கை நூற்றுக்கு அறுபதை நெருங்கியது. சட்டம் வந்ததும் ஒரு காரணம். வீடு வீடாகப் போய் அழைத்து வந்த, படித்த இளைஞர்கள் இன்னொரு காரணம். நம் சட்டம் 1950லேயே வந்துவிட்டது, தம்பி. அழைத்து வரும் ஆட்கள்தான் இன்னும் நமக்குக் குறைவு.

ஹேமரின் முதலாளியைப் போன்றவர்களை நம் சூளைகளிலும் பார்க்கலாம். முன்பணம் கொடுத்த மேஸ்திரி, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு வைத்திருப்பவர், ஒருநாள் விட்டால் ஆள் திரும்ப மாட்டான் என்று பயப்படுபவர். அவர் விட மாட்டார் என்று உங்கள் அப்பாவே சொல்லியிருப்பார். இதற்கும் சட்டம் இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 135பி பிரிவு, ஓட்டு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தரச் சொல்கிறது. தினக்கூலிக்கும் அது பொருந்தும். மீறினால் முதலாளிக்கு அதிகபட்ச அபராதம் 500 ரூபாய்தான். அது மிகக் குறைவு, அதை உயர்த்த வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். ஆனால் முன்பணத்தைக் காட்டி வெளியே போகவே விடாமல் ஒருவரைத் தடுத்தால் அது வெறும் விடுமுறைப் பிரச்சினை அல்ல. விருப்பம்போல் நடமாடும் உரிமையைப் பறித்து வாங்கும் வேலையைக் கொத்தடிமை என்று 1976ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. அப்படி யாராவது இருந்தால் கோட்டாட்சியருக்கும் ஆட்சியருக்கும் தகவல் கொடுங்கள். மீட்கப்பட்டவரின் கடனும் அந்தச் சட்டப்படி ஒழிந்துபோகும்.

பணத்தைப் பற்றியும் பேசிவிடுகிறேன். ஓட்டுக்கு முதல் நாள் இரவு நம் தெருவுக்கும் நோட்டு வருகிறது. பசித்த வீட்டில் அதை வேண்டாம் என்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். வாங்கியவர்களை ஏச நான் இதை எழுதவில்லை. ஆனால் கொடுப்பவருக்கு அதன் பிறகு நம்மிடம் பாக்கி ஒன்றும் இல்லை. பட்டா கேட்டு நின்றால், அன்றைக்கே கணக்கு முடிந்தது என்று அவர் நினைக்கிறார். ஐந்து ஆண்டுக்கான பாக்கியை ஓர் இரவில் தீர்க்க விடாதீர்கள். இதை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்லும் தகுதி உங்களுக்கு இருக்கிறது.

வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டின் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் பாகம் வாரியாகப் பட்டியல் கிடைக்கும். உங்கள் பாகத்தை இறக்கிக்கொள்ளுங்கள். குடியிருப்பில் எல்லோரையும் உட்கார வைத்து, பெயர் பெயராக உரக்கப் படியுங்கள். இல்லாதவருக்குப் படிவம் 6. பெயரோ வயதோ தவறாக இருந்தால், முகவரி மாறியிருந்தால், படிவம் 8. யாராவது உங்கள் ஆட்களின் பெயரை நீக்கச் சொல்லிப் படிவம் 7 கொடுத்திருந்தால், விசாரணைக்குக் கூப்பிடும்போது அவர்களோடு நீங்களும் போய் நில்லுங்கள். 20(1ஏ)வை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். விண்ணப்பத்தை இணையத்திலும் போடலாம், பி.எல்.ஓ.விடமும் கொடுக்கலாம், வட்டாட்சியர் அலுவலகத்திலும் கொடுக்கலாம். ஒப்புகை எண்ணை வாங்காமல் திரும்பாதீர்கள். சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று ஆண்டுக்கு நான்கு தகுதித் தேதிகள் இருக்கின்றன. 17 வயது முடிந்தவர் முன்கூட்டியே மனுப் போடலாம். வேட்பு மனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு எந்தப் பெயரும் சேராது. ஆகவே தேர்தல் அறிவிக்கட்டும் என்று காத்திருந்தால் நேரம் போதாது. சனத்தில் பெரும்பாலோர் ஊரில் இருக்கும் மழைக்காலம்தான் நமக்குப் பதிவுக் காலம். பொங்கலுக்குப் பின் வண்டி ஏறுவதற்குள் வேலை முடிந்திருக்க வேண்டும்.

வண்டி ஏறும் ஒவ்வொரு குடும்பமும் எந்தச் சூளைக்குப் போகிறது, எந்த ஊர், மேஸ்திரியின் போன் நம்பர் என்ன என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தேர்தல் தேதி தெரிந்த அன்றே அவர்களுக்குச் சொல்லுங்கள். பஸ் செலவுக்குக் குடியிருப்பில் இப்போதிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வையுங்கள். கட்சிக்காரர் அனுப்பும் வண்டிக்காகக் காத்திருக்க வேண்டாம். முதல் நாள் மாலையே வந்து சேரச் சொல்லுங்கள். காலையில் எல்லோரும் ஒன்றாகப் போய் வரிசையில் நில்லுங்கள்; முதல்முறை ஓட்டுப் போடும் பாட்டிக்கு இயந்திரத்தில் எங்கே அழுத்த வேண்டும் என்று முன்பே சொல்லிக் கொடுங்கள். யாருக்குப் போட வேண்டும் என்பதை மட்டும் சொல்லாதீர்கள். அது அவருடைய முடிவு.

ஒரு குடியிருப்புக்கு இரண்டு பேர் போதும். உங்கள் குடியிருப்பில் அந்த இரண்டு பேரில் ஒருவர் நீங்கள் என்று இன்றைக்கே முடிவு செய்யுங்கள். பட்டியலை இறக்குங்கள். முதலில் உங்கள் அம்மாவின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

அன்புடன்,
பள்ளிப்பட்டு வட்டத்திலிருந்து உங்கள் அக்கா